மைமூன் அக்கா சொன்ன பால்

எங்கள் வீட்டில் நான் துடைப்பத்தைத் தொட்டால் போதும், எங்கிருந்தாவது யாராவது ஓடிவந்து பிடுங்கிக்கொள்வார்கள். வாளியைத் தூக்கினால் என் மனைவி செல்வி அடுப்படியிலிருந்தே சத்தம் போடுவாள்: "அத கீழ வைங்க மொதல்ல!" எங்கள் தாமானில் (குடியிருப்பை இங்கே மலேசியாவில் அப்படித்தான் சொல்வோம்) இருக்கும் ஆண்கள் சிலர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எப்படிண்ணே இத சாதிச்சீங்க?" என்று பொறாமையோடு கேட்டிருக்கிறார்கள். சாதனை ஒன்றும் கிடையாது. என்மேல் இருக்கும் மரியாதையும் காரணம் இல்லை. என் ஆயுளில் ஒரே ஒரு தடவை நான் வீடு சுத்தம் செய்திருக்கிறேன். அதைப் பார்த்தவர்களுக்கு இன்னும் பயம் தெளியவில்லை.

அது எண்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தாறு வயது. சிம்மோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது வெளியேறி, ஈப்போவுக்கு வந்து, லாரி சாமான் கடை ஒன்றில் கிராணியாகச் சேர்ந்திருந்தேன். (கிராணி, அதாவது குமாஸ்தா, என்றதும் பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். எந்த ஸ்குரூ எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.) புந்தோங்கில் ஒரு வரிசை வீட்டை வாடகைக்கு எடுத்து, கல்யாணமாகி செல்வியோடு குடியேறி ஒரு வருடம் ஆகியிருந்தது.

செல்விக்கு ஊர் பீடோர். முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பது முறை. அதற்காகப் பையெல்லாம் கட்டி வைத்திருந்தாள். ஆனால் வயிற்றில் இருந்தது அவசரக்காரி. மூன்று வாரம் முன்னாலேயே கிளம்பிவிட்டாள். பீடோருக்குக் கட்டிய பையோடு ஈப்போ ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பெண் குழந்தை. ஒரு கையில் அடங்கிவிடும் அளவுக்குச் சின்னது. பத்து நாள் கண்ணாடி அறைக்குள் வைத்திருந்தார்கள். நானும் பத்து நாளும் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றுவிட்டு வருவேன்.

சனிக்கிழமை தாயையும் பிள்ளையையும் அனுப்பப்போகிறோம் என்று சொன்னார்கள். அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. என் மாமியார், பாக்கியம் அத்தை, இருவரையும் நேராகப் பீடோருக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார். மூன்று மாதத்துக்கு. எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் லீவு. வாரத்தில் ஒரு நாள் பஸ் பிடித்துப் போய் மகளைப் பார்த்துவிட்டு வரவேண்டும். இத்தனை நாள் கண்ணாடி நடுவில், இனிமேல் பீடோருக்குப் போகும் தாப்பா ரோடு நடுவில். ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தையிடம் ஏறக்குறையக் கெஞ்சினேன்.

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். முப்பது வருடம் ரப்பர் மரம் வெட்டிய மனுஷி (பட்டையைக் கீறுவதைத்தான் இங்கே வெட்டு என்போம்). கணவர் போன பிறகும் ஒற்றை ஆளாகப் பிள்ளைகளை வளர்த்தவர். சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். விறகைக்கூடத் துடைத்து அடுக்குவார்.

"சரி மாப்ள," என்றார். "சனிக்கிழம பிள்ளைய தூக்கிட்டு நேரா உங்க வீட்டுக்கே வாரேன். வீடு சுத்தமா இருந்துச்சுன்னா நானும் கூட இருந்து மூணு மாசம் பாத்துக்கிறேன். இல்லன்னா அதே டாக்சியில பீடோரு. பிறகு மூஞ்ச தூக்கி வச்சிக்கக் கூடாது."

"வந்து பாருங்க அத்தை!" என்றேன், ஏதோ அரண்மனையைத் திறந்து காட்டப் போகிறவன் மாதிரி.

பத்து நாள் ஆண்பிள்ளை ஒருவன் தனியாக இருந்த வீடு அது. என்ன நிலையில் இருந்தது என்று நான் எழுதப்போவதில்லை. (செல்வியும் இதைப் படிப்பாள்.)

இது போதாதென்று வார்டு மிஸ்ஸி வேறு என்னைக் கூப்பிட்டு எச்சரித்தார். மிஸ்ஸி என்றால் நர்ஸ். "பிள்ளைக்கு நெஞ்சு இன்னும் பலமாகல. வீட்டுல பினாயிலு ஊத்தாதீங்க. கொசு மருந்து, சாம்பிராணி, தரைக்குப் போடுற மெழுகு, ஒன்னும் கூடாது. அந்த வாடையே பிள்ளைக்கு ஆவாது. புரியுதா?" புரிந்தது. எனக்குத் தெரிந்த சுத்தமே பினாயில்தான். அதையும் பிடுங்கிக்கொண்டுவிட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் வேலிப்பக்கம் நின்று பக்கத்து வீட்டு மைமூன் அக்காவிடம் புலம்பினேன். அக்காவின் கணவர் பாசார் சந்தைக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். அவர்களுக்கு ராமநாதபுரம் பூர்வீகம். ஆனால் அக்கா ஈப்போ டவுனில் கடைவீட்டு மாடியில் பிறந்து வளர்ந்தவர். தோட்டம் என்றால் பஸ் ஜன்னலில் பார்த்ததோடு சரி. அவர் வீட்டுத் தரையில் முகம் பார்த்துத் தலை வாரலாம்.

"இதுக்கா தம்பி மூஞ்ச இப்படி வச்சிருக்கீங்க? கடையில விக்கிற மருந்தெல்லாம் எதுக்குலா? எல்லாம் அடுப்படியிலயே இருக்கு," என்றார்.

நான் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்துக் கடைச் சீட்டின் பின்பக்கம் எழுத ஆரம்பித்தேன். சிங்கில் இருக்கும் பிசுக்குக்கு உப்பும் எலுமிச்சம்பழ மூடியும். குத்துவிளக்குக்குப் புளி. சட்டி அடிப்பக்கக் கரிக்குத் தேங்காய் மட்டை நாரும் சாம்பலும். நாக்கோ ஜன்னலின் சாய்ந்த கண்ணாடிப் பட்டைகளுக்கு அரிசி கழுவிய தண்ணீர். கரப்பான் பூச்சி வரும் மூலைகளில், பலகாரத்துக்கு வாசனைக்குப் போடும் பாண்டான் இலை. குளியலறைக்கு சேரை (அதுதான் வாசனைப் புல், எலுமிச்சை வாசம் வீசுமே) இடித்துக் கொதிக்கவைத்த தண்ணீர். எழுத எழுத எனக்கு உற்சாகம் ஏறியது.

"தரைக்கு என்னக்கா? மெழுகு போடக்கூடாதுன்னுட்டாங்க மிஸ்ஸி."

"மெழுகு எதுக்கு? பால்ல தொடைங்க."

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். தோட்டத்தில் பிறந்தவனுக்குப் பால் என்றால் ஒன்றே ஒன்றுதான். ரப்பர் மரத்தில் வடிவது. மரத்துக்குப் பெயரே பால்மரம். விடியும் முன்னே அம்மா கிளம்புவது பால்வெட்டுக்கு. மழை பெய்தால், "இன்னைக்கு பால் இல்லடா" என்பார்கள். தேத்தண்ணியில் ஊற்றுவதை நாங்கள் பால் என்று சொன்னதே கிடையாது. அது டின்னில் வரும், மலாய்க்காரர்கள் சொல்வதுபோல் சூசு. மாடு கொடுப்பதற்கு முழுப் பெயர் உண்டு: மாட்டுப்பால். அது சாமிக்கும் சீக்காளிக்கும். ஆகவே மைமூன் அக்கா பால் என்று சொன்னதும் என் கண்முன்னே வந்தது பசு அல்ல. வரிசை வரிசையாக ரப்பர் மரங்கள்.

"பால்லயா அக்கா?" என்று ஒரு தடவை கேட்கத்தான் செய்தேன்.

"ஆமாலா. எங்கம்மா காலத்துல இருந்து அப்படித்தான். சிவப்பு சிமெண்டு சும்மா மினுமினுன்னு நிக்கும்."

யோசித்துப் பார்த்தேன். ரப்பர் பாய் பளபளப்பாகத்தானே இருக்கிறது? சப்பாத்துக் காலணியின் அடிப்பாகம் எவ்வளவு வழவழப்பு! சரியாகத்தான் பட்டது.

"புதுப் பாலா இருக்கணுமா?"

"காலைல எடுத்ததுன்னா ரொம்ப நல்லது. நேரமாயிட்டா புளிச்சிரும்ல?"

"வடிகட்டணுமா?"

"ஏடு இருந்தா எடுத்துருங்க. இல்லன்னா தரையில திட்டுத் திட்டா ஒட்டிக்கும்."

"கட்டிப் போயிருச்சுன்னா அக்கா?"

"திரிஞ்சு போனத வச்சு என்ன செய்றது? தூக்கி ஊத்திருங்க."

எனக்கு மலைப்பாக இருந்தது. தோட்டத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்காத டவுன்காரி, பால் புளிப்பதையும் கட்டிப்போவதையும் பால் ஸ்டோர் மண்டோர் (கங்காணி) மாதிரி விளக்குகிறாரே! அக்கா மேல் இருந்த மதிப்பு இரண்டு மடங்கானது.

"அரை கப்பு பாலு, ஒரு வாளி தண்ணி. கூட ஊத்திறாதீங்க. தொடைச்சி முடிச்சதும் எலுமிச்சம்பழம் பிழிஞ்ச தண்ணில இன்னொரு தடவ தொடைச்சிருங்க. பால் வாட போயிரும்," என்றார் அக்கா. எழுதிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை வேலை விட்டு வந்ததும் இறங்கினேன். உண்மையைச் சொல்கிறேன், எல்லாம் அற்புதமாக வந்தது. சிங்கில் மூடியைத் தேய்த்ததும் வெள்ளைத் தகரம் வெளியே வந்தது. கல்யாணத்தன்று பார்த்ததோடு சரி, மறுபடியும் குத்துவிளக்கு மஞ்சளாகத் தெரிந்தது. பாண்டான் இலையும் சேரையுமாக வீடே பலகாரக் கடை மாதிரி மணத்தது. கண்ணாடிக்கு மட்டும் அரிசி கழுவிய தண்ணீருக்குப் பதில் கஞ்சித் தண்ணீரை ஊற்றிவிட்டதால் ஜன்னல் சட்டை மாதிரி மொடமொடவென்று நின்றது. அதையும் மறுபடி கழுவி விட்டேன். இத்தனை நாள் இந்தப் பெண்கள் எதற்கு இவ்வளவு அலுத்துக்கொள்கிறார்கள் என்று ஒரு நினைப்பு வேறு வந்தது. அந்த நினைப்புக்குத்தான் மறுநாள் கூலி கிடைத்தது.

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு காலையிலேயே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சிம்மோருக்குப் போனேன். என் கூட்டாளி சின்னராசு அங்கே ஓஸ்மான் பாக் சிக்கின் சின்னத் தோட்டத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்தான். பாக் சிக் என்பது வயதான மலாய்க்காரரை மரியாதையாகக் கூப்பிடுவது. அவர் வாளிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுருட்டுப் புகைத்துக்கொண்டிருந்தார். இரண்டு காலன் பால் வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்டார்.

"சுச்சி ரூமா, பாக் சிக்," என்றேன். வீடு கழுவ.

அவர் சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு சின்னராசுவைப் பார்த்தார். சின்னராசு மரத்தைப் பார்த்தான். "அம்பில்லா," என்றார் பாக் சிக் கடைசியில், எடுத்துக்கோ என்று. எனக்குக் குழந்தை பிறந்திருப்பது அவருக்குத் தெரியும். தூக்கமில்லாமல் மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும்.

டின்னில் ஊற்றும்போது சின்னராசு மெதுவாகச் சொன்னான். "மச்சான், எனக்கு என்னமோ சரியாப் படல. பால ஊத்தி தரைய தொடைக்கிறதா?"

"நீ இங்கயே இருக்கிற, உனக்குத் தெரியாது. டவுன்ல இப்ப எல்லாம் இயற்கை முறைடா. மருந்து கிருந்தெல்லாம் யாரும் தொடுறதில்ல."

"ம்ம். நீ படிச்சவன். சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றான் பாவம். வழியில் கட்டிப்போகாமல் இருக்க ஒரு மூடி அமோனியாவும் கலந்து கொடுத்தான்.

வீட்டுக்கு வந்தபோது பதினோரு மணி. அத்தை மூன்று மணிக்கு வருவதாகப் பேச்சு. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டேன். அக்கா சொன்ன அளவு கண்முன்னே இருந்தது: அரை கப் பால், ஒரு வாளித் தண்ணீர். ஆனால் பாருங்கள், எனக்குள் இருந்த கிராணி விழித்துக்கொண்டான். அரை கப்பிலேயே மினுமினுக்கும் என்றால் இரண்டு காலனில் எப்படி இருக்கும்? வரப்போவது யார்? விறகைத் துடைக்கிற மனுஷி! இதில் கஞ்சத்தனம் பார்க்கலாமா? தண்ணீரை அரை கப் ஊற்றினேன். பாலை முழுசாக ஊற்றினேன்.

முன்னறைத் தரை முழுக்க வெள்ளை வெளேரென்று விரிந்தது. துடைப்பத்தால் பரப்பிவிட்டேன். ஒரு பள்ளம் மேடு இல்லை. அப்படி ஓர் அழகு! சுவரோரம் நின்று கொஞ்ச நேரம் ரசித்தேன். செல்வி உள்ளே வந்ததும் என்ன சொல்வாள், அத்தை வாயடைத்துப் போவதைப் பார்க்கக் கண்கொள்ளாது என்றெல்லாம் கற்பனை. காற்றாடியை முழு வேகத்தில் வைத்துவிட்டு, சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன்.

எழுந்து பார்த்தால் மணி இரண்டு. தரை மஞ்சளடித்துக் கிடந்தது. ஒரு விரலால் தொட்டேன், விரல் கூடவே தரையும் எழும்பி வந்தது. பயப்படவில்லை. அடுத்த படி இருக்கிறதே! வாங்கி வைத்திருந்த முப்பது எலுமிச்சம்பழத்தையும் பிழிந்து வாளியில் கலந்து, ஜப்பான் சிலிப்பரோடு நடு முன்னறைக்குப் போய் நின்று, நாலாபக்கமும் வீசி ஊற்றினேன்.

ஆசிட் பட்டால் பால் உறையும் என்பது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஸ்டோரில் ஆசிட் ஊற்றிப் பால் உறைவதைச் சின்ன வயதில் ஆயிரம் தடவை வேடிக்கை பார்த்தவன். ஆனால் ஆசிட் என்பது மண்டையோடு படம் போட்ட ஜாடியில் வருவது. எலுமிச்சம்பழம் ரசத்தில் பிழிவது. இரண்டும் ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்று எனக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை.

காய்ந்தது போக மிச்சமிருந்த பாலும் என் கண்ணெதிரே தயிராகத் திரண்டு, பிறகு ரப்பராகவே ஆகிவிட்டது. துடைப்பத்தை இழுத்தேன், வரவில்லை. அது ஈர்க்குச்சிகள் எல்லாம் ஒன்றாகி ஒரு உலக்கையாக நின்றது. காலை எடுத்தேன், சிலிப்பர் வரவில்லை. சிலிப்பரை விட்டுவிட்டுக் காலை மட்டும் எடுத்து வைத்தேன், கால் ஒட்டிக்கொண்டது. பிடித்துக்கொள்ள நாற்காலியைத் தேடினால் அது நான்கு காலிலும் வேர்விட்டிருந்தது. அதை இழுத்த வேகத்தில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். கைலியோடு.

எழுந்திருக்கப் பார்த்தேன். நான் எழுந்தேன். கைலி எழவில்லை. மறுபடி உட்கார்ந்துகொண்டேன்.

சரியாக அந்த நேரத்தில் வாசலில் டாக்சி ஹார்ன் அடித்தது. மூன்று மணிக்கு வரவேண்டியவர்கள் இரண்டேகாலுக்கே வந்துவிட்டார்கள். அவசரம் எங்கள் மகளுக்குப் பிறவிக் குணம் போலிருக்கிறது. அத்தை குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வருகிறார். பின்னால் செல்வி, முகம் வெளுத்து, ஆனால் சிரித்த முகமாக. அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலை எடுத்து வைக்கப் போகிறார். அந்தக் கால் ஒட்டிக்கொண்டு, கையில் குழந்தையோடு அவர் தடுமாறினால்? எனக்கு உயிரே போய்விட்டது.

"உள்ள வராதீங்க அத்தை!" என்று அலறினேன். "உள்ள வராதீங்க! அங்கயே நில்லுங்க!"

தூக்கிய கால் அப்படியே நின்றது. ஒரு மருமகன் தன் மாமியாரிடம், முதல் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவரும் வேளையில், சொல்லக்கூடாத வார்த்தை ஒன்று உண்டு என்றால் அதுதான். அத்தையின் முகம் இறுகிவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். எழுந்து நின்று வரவேற்கக்கூடச் செய்யாமல், நடுவீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு உள்ளே வராதே என்கிறான் மருமகன்.

"செல்வி, வா. போலாம்," என்றார். "உன் புருஷனே வராதங்கிறாரு. டாக்சி இன்னும் போகல."

"அத்தை, அது இல்லத்தை! நான் வந்து... எந்திரிக்க முடியாது... கைலி..." என்னென்னவோ உளறினேன். அவர் திரும்பிவிட்டார். டாக்சிக்காரர் பின்கதவைத் திறந்துகூட விட்டார். என் மகளின் தலை அத்தையின் தோளுக்கு மேல் தெரிந்தது. இத்தனூண்டு தலை, வெள்ளைத் துணி சுற்றி. கண்ணாடி இல்லாமல் நான் அவளைப் பார்த்தது அதுதான் முதல்தடவை. அவள் என்னைவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். சொல்ல வெட்கமில்லை, அழுகை வந்துவிட்டது. எழுந்து ஓடலாம் என்றால் கட்டியிருப்பதை விட்டுவிட்டு ஓடவேண்டும்.

படியிறங்கிய அத்தை நின்றார். மூக்கை உறிஞ்சினார்.

"என்ன வாட இது?"

குழந்தையைச் செல்வியிடம் கொடுத்துவிட்டு வாசலுக்குத் திரும்பி வந்தார். குனிந்து வாசற்படி ஓரத்தை ஒரு விரலால் தொட்டு இழுத்தார். அது நீண்டு வந்தது. விட்டார், படக்கென்று போய் ஒட்டிக்கொண்டது. முப்பது வருடம் அதோடு பழகிய விரல்.

"பாலு," என்றார்.

"ஆமாத்தை. பால்தான். பிள்ளைக்கு மருந்து வாட ஆவாதுன்னாங்க. மைமூன் அக்காதான் பால்ல தொடைச்சா மினுமினுன்னு இருக்கும்னு..."

சத்தம் கேட்டு வேலிக்கு ஓடிவந்திருந்த மைமூன் அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "யா அல்லா! நான் சொன்னது மாட்டுப்பாலுலா தம்பி! மாட்டுப்பாலு! நீங்க என்ன மரத்த கறந்துட்டு வந்தீங்களா?"

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். தோள் இரண்டும் குலுங்கின. ஐயோ, அழவைத்துவிட்டேனே என்று நினைத்தேன். பிறகுதான் சத்தம் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, கண்ணில் நீர் வழிய அப்படி ஒரு சிரிப்பு. அப்பா போனதிலிருந்து அம்மா அப்படிச் சிரித்துத் தான் பார்த்ததில்லை என்று செல்வி பின்னால் சொன்னாள்.

சிரித்து முடித்ததும் அத்தை வேலையில் இறங்கினார். குழந்தையும் செல்வியும் மைமூன் அக்கா வீட்டுக் கட்டிலுக்குப் போனார்கள். அக்கா வீட்டுக்காரரின் கைலி ஒன்று வேலி தாண்டி வந்தது. அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு அதை என்மேல் வீசினார். என்னுடையதைத் தரையிலேயே விட்டுவிட்டு, நான் சமையலறைப் பக்கமாக ஒவ்வொரு காலாகப் பிய்த்துப் பிய்த்து எடுத்துவைத்து வெளியேறினேன். கால் முடி பாதி அங்கேயே நின்றுவிட்டது. அதைப் பற்றிப் பேசவே பிடிக்கவில்லை.

அத்தை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாசல் மூலையில் நகத்தால் ஓரத்தைக் கிளப்பினார். "பால அவசரப்பட்டு இழுக்கக் கூடாது மாப்ள. பிஞ்சிரும். அது பாட்டுக்கு வரும்," என்றார். வந்தது. பாயைச் சுருட்டுவது மாதிரி முன்னறை முழுவதும் சுருண்டு வந்தது. என் சிலிப்பர், துடைப்பம், கைலி, தினசரித்தாளின் பாதிப் பக்கம் எல்லாவற்றையும் அணைத்துக்கொண்டு வந்தது. அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால், எங்களுக்கு முன் குடியிருந்தவர்கள் காலத்து மெழுகு, தூசி, கரப்பான் முட்டை, சுவரோரத்தில் எப்போதோ சிந்திய சாயம், அத்தனையும் அதில் ஒட்டியிருந்தது. உரித்த இடத்தில் சிவப்புச் சிமெண்டு அப்போதுதான் பூசியது மாதிரி தெரிந்தது. மைமூன் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, தன் வீட்டுத் தரைகூட இப்படி இல்லை என்று ஒத்துக்கொண்டார்.

உரித்ததைப் பின்பக்கம் துணிக்கொடியில் காயப் போட்டார் அத்தை. (பிறகு சின்னராசு வந்து சிரித்துக்கொண்டே எடுத்துப் போனான்.) இதெல்லாம் முடியும்வரை டாக்சிக்காரர் வேறு கிளம்பாமல் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மா, பீடோரு போறோமா இல்லையா?" என்று கேட்டார்.

அத்தை இடுப்பில் கைவைத்துத் தரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மகளிடம் சொல்வதுபோல் சொன்னார்.

"அழுக்கா வச்சிருந்தா சத்தியமா கூட்டிட்டுப் போயிருப்பேன் செல்வி. இது அழுக்கு இல்ல. மக வாரான்னு பைத்தியம் புடிச்சிருக்கு. பைத்தியத்த தனியா விட்டுட்டுப் போக முடியாது. டாக்சிய போகச் சொல்லு."

அன்று சாயங்காலம் அந்தத் தரையில்தான் பாய் விரித்து, அத்தை என் மகளை என் கையில் கொடுத்தார். கையில் இன்னும் ரப்பர் பிசுக்கு இருந்தது. "இப்ப ஒட்டிக்கிட்டா பரவால்ல," என்றார்.

மூன்று மாதத்துக்கு என்று வந்தவர் பத்தொன்பது வருடம் எங்களோடு இருந்தார். என் மூன்று பிள்ளைகளும் அவர் மடியில் வளர்ந்தவர்கள். என்னை விட்டுக்கொடுத்து அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. தரையை மட்டும் துடைக்க விட்டதில்லை. எனக்கு வாய்த்த மாதிரி மாமியார் யாருக்கும் வாய்த்திருக்கமாட்டார். நான் தப்பாகக் கேட்ட ஒரு வார்த்தையால்தான் அவர் எனக்குக் கிடைத்தார் என்று நினைக்கும்போதெல்லாம், மைமூன் அக்காவுக்கும் பாக் சிக்குக்கும் சின்னராசுவுக்கும் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்வேன்.

அத்தை தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். தகனம் முடிந்த மறுநாள் காலை, சாம்பலுக்குப் பால் தெளிக்கிற சடங்கு. வீடு நிறையச் சொந்தங்கள். அழுது ஓய்ந்து ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். செல்வியின் பெரியண்ணன் வாங்கவேண்டியதைச் சொல்லிக்கொண்டே வந்தார். "பூவு, மஞ்சளு, இளநி... மாப்ள, நீங்க போயி பாலு..."

நிறுத்தினார். என்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, ரொம்பப் பணிவாகச் சொன்னார்.

"மாட்டுப்பாலு, மாப்ள."

முதலில் வெடித்தது பெண்களோடு உட்கார்ந்திருந்த மைமூன் அக்கா. அடுத்தது செல்வி. பிறகு துக்க வீடே சிரித்தது. அத்தை போனதிலிருந்து வாயே திறக்காமல் இருந்த என் பெரிய மகள், அந்த அவசரக்காரி, சிரித்துச் சிரித்து அப்படியே ஓவென்று அழத் தொடங்கினாள். நான் மோட்டார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கடையில் நின்று, வழக்கப்படி முழுப் பெயரும் சொல்லி, "மாட்டுப்பாலு ரெண்டு போத்தலு," என்று கேட்டேன். கடைக்காரர் ஈப்போ டவுனில் பிறந்தவர். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"வேற என்ன பாலுண்ணே இருக்கு?" என்றார்.

போத்தலை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, மோட்டாரைப் பிடித்துக்கொண்டு நின்று, என் அத்தைக்காக வாய்விட்டு அழுதேன்.